ஒரு கணினி, பல கைகள்

கடைகளில் ‘ரப்’ என்று கேட்டு வாங்கப்படும் பலகைக் கணினி, பாடக் காணொளி பார்ப்பதற்கும் விளையாடுவதற்கும் வெளிநாட்டு உறவினரோடு முகம் பார்த்துப் பேசுவதற்கும் உரிய தனிக் கருவியாகவே பெரும்பாலான வீடுகளில் அறியப்பட்டிருக்கிறது. அதே பலகையை மேசையில் ஏற்கெனவே இருக்கும் கணினியோடு இணைக்கும்போது, அது அக்கணினியின் இரண்டாவது திரையாகவும், கையெழுத்தையும் கோட்டையும் விரல் தொடுகையையும் கணினிக்குள் அனுப்பும் உள்ளீட்டுக் கருவியாகவும், சில ஏற்பாடுகளில் ஒரே நேரத்தில் இரண்டுமாகவும் தொழிற்படும் என்பதும், அதற்கு வேண்டிய மென்பொருள்களில் பல இலவசமாகவே கிடைக்கின்றன என்பதும் நகர அலுவலகங்களுக்கு வெளியே போதிய அளவு எடுத்துச் சொல்லப்படவில்லை. இவ்விணைப்பை வசதியுள்ளோரின் மேசைக்குரிய ஆடம்பரமாகக் கருதும் எண்ணமும் நிலவுகிறது. கருவிகள் குறைவாகவும் அவற்றைத் தொட்டுப் பழக வேண்டிய கைகள் மிகுதியாகவும் உள்ள இடங்களுக்கே அது கூடுதலாகப் பொருந்தும் என்பதுதான் இக்கட்டுரையின் நிலைப்பாடு.

கிளிநொச்சி மாவட்டத்தின் பூநகரிப் பிரதேச செயலர் பிரிவில், மன்னாரையும் பூநகரியையும் இணைக்கும் ஏ-32 வீதிப் பகுதியில், ஜெயபுரம் வடக்கு, ஜெயபுரம் தெற்கு எனப் பிரிந்து அமைந்திருக்கும் ஜெயபுரம் அத்தகைய இடங்களுள் ஒன்று. 2008 இன் பிற்பகுதியில் போர்முனை இவ்வீதி வழியே வடக்கு நோக்கி நகர்ந்தபோது இப்பகுதி மக்கள் கிழக்கே இடம்பெயர்ந்தனர். 2009 மே மாதத்தில் போர் முடிந்து, முகாம்களிலிருந்து அவர்கள் ஊர் திரும்பியபோது கூரையையும் கிணற்றையும் வேலியையும் முதலிலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது. 1990 களின் பொருளாதாரத் தடையில் மின்கலங்கள்கூட எளிதில் உள்ளே வராத வன்னி நிலம் இது. போர்நிறுத்தக் காலத்தில் கிளிநொச்சி நகரில் இயங்கிய வன்னிரெக் போன்ற கணினிக் கல்வி முயற்சிகளும் போரோடு நின்றுபோயின. அண்ணன் பழகிய கணினி தம்பிக்கு வருவதும், அலுவலகத்தில் கழித்த கணினி வீட்டு மூலைக்கு வருவதும் பிற மாவட்டங்களில் இரண்டு தலைமுறை வழக்கமாக இருக்க, வன்னியில் அத்தொடர்ச்சி பெரும்பாலும் 2010 க்குப் பிறகே தொடங்கிற்று.

அவ்வாறு தொடங்கிய பிறகும் கருவிகள் தொகுதியாக வந்து சேர்வது அரிது. ஒரு மடிக்கணினியைப் பழைய மாணவர் ஒருவர் அனுப்புவார். இரண்டு ரப்களை ஒரு தொண்டு அமைப்பு தரும். மேசைக் கணினியொன்று திருத்தத்துக்குப் போய் நாள் கழித்துத் திரும்பும். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டு வகுப்புகள் கைப்பேசிக்கும் ரப்புக்கும் இடம்பெயர்ந்தபோது பல வீடுகள் கடன்பட்டுக் கருவி வாங்கின. 2022 இல் ரூபாயின் பெறுமதி சில வாரங்களுக்குள் டொலருக்கு ஏறத்தாழ 200 இலிருந்து 350 க்கும் மேலாகச் சரிந்த பின் புதிதாக ஒன்று வாங்குவது எட்டாக் கனியாயிற்று. ஆகவே வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு நிறுவனத்தின் பெயரோடு, வெவ்வேறு கையிலிருந்து வந்து சேர்ந்த ஒரு கணினியையும் ஓரிரு ரப்களையும் ஒன்றாக உழைக்கச் செய்வது எப்படி என்பது இத்தகைய ஊர்களுக்கு உண்மையான கேள்வி.

பலகை பிறந்ததே துணையாகத்தான்

பலகையைக் கணினிக்குத் துணையாக வைப்பது புதிய எண்ணமன்று; பலகையின் பிறப்பே அப்படித்தான் நிகழ்ந்தது. அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனம் 1964 இல் வெளியிட்ட ‘ராண்ட் பலகை’ பத்து அங்குலச் சதுரமான எழுதுபரப்பைக் கொண்டிருந்தது. அதன் மேல் எழுதுகோலை நகர்த்தும்போது, எழுதுகோல் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பரப்புக்கு அடியில் ஓடிய நுண்ணிய கம்பிவலை கணினிக்கு அறிவித்தது. பலகையில் எதுவும் தெரியாது. கை எழுதுவது பலகையில், கண் பார்ப்பது வேறொரு திரையில். இன்று ஓவியரும் கணித ஆசிரியரும் பயன்படுத்தும் எழுதுபலகைகளின் மூதாதை அதுவே.

அடுத்த கட்டத்தை எழுத்தில் வரைந்தவர் செரொக்ஸ் நிறுவனத்தின் பாலோ அல்ற்றோ ஆய்வகத்தைச் சேர்ந்த மார்க் வைசர். 1991 செப்ரெம்பரில் ‘சயன்டிபிக் அமெரிக்கன்’ இதழில் வெளியான அவருடைய கட்டுரை, எதிர்கால அறையொன்றில் உள்ளங்கையளவு, தாளளவு, கரும்பலகையளவு என மூன்று அளவுகளில் திரைகள் பரவிக் கிடக்கும் என்று கூறியது. அவற்றுள் தாளளவான பலகை எவருக்கும் சொந்தமானதாக இருக்காது என்றும், மேசையில் கிடக்கும் துண்டுத் தாளை யாரும் எடுத்து எழுதுவதுபோல அது எடுத்தாளப்படும் என்றும் அவர் கருதினார். ‘என் பலகை’ என்ற சொல்லே வேண்டாத பலகை அது. பிற்காலச் சந்தை இக்கருத்தை ஏறத்தாழ முழுமையாகக் கைவிட்டது என்பதும், வன்னியின் வகுப்பறைக்கு அதுவே இன்னும் பொருந்தும் என்பதும் கவனிக்கத்தக்கவை.

அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பிராட் மயர்ஸ் 1997 இல் தொடங்கிய ‘பெபிள்ஸ்’ ஆய்வு, அக்காலத்துப் பாம்பைலட் கைக்கருவிகள் பலவற்றை ஒரே கணினியோடு இணைத்துப் பார்த்தது. கூட்டமொன்றில் அமர்ந்திருக்கும் ஒவ்வொருவரும் தம் இருக்கையிலிருந்தே முன்னால் உள்ள பெரிய திரையில் வரையலாம், சுட்டலாம், எழுதலாம். பகிர்ந்த உள்ளீட்டின் நுண்சிக்கல்கள் அங்கேதான் தெளிவாகத் தெரியவந்தன: இருவர் ஒரே படத்தில் வரையும்போது ஒருவர் ‘முன்செய்ததை நீக்கு’ என்ற கட்டளையைக் கொடுத்தால் யாருடைய கோடு அழிய வேண்டும் என்ற கேள்விக்குத் தனியொருவருக்கென எழுதப்பட்ட மென்பொருளில் விடையே இல்லை.

படம் எப்படிக் கடந்து செல்கிறது

இரண்டாவது திரை இரு வகைப்படும். கணினியின் திரையில் உள்ளதே பலகையிலும் தெரிவது பிரதித்திரை. கணினியின் மேசைப்பரப்பு பலகை வரை நீண்டு, இங்கே ஒரு சாளரமும் அங்கே வேறொரு சாளரமுமாக நிற்பது நீட்சித்திரை. பெரும்பாலான ஏற்பாடுகளில், உண்மையில் இல்லாத ஒரு திரை இருப்பதாகக் கணினியின் இயங்குதளம் நம்பவைக்கப்படுகிறது. அக்கற்பனைத் திரைக்கென வரையப்படும் படங்களை மென்பொருள் பிடித்துச் சுருக்கி, வடம் வழியாகவோ வைபை வழியாகவோ அனுப்ப, பலகை அவற்றை விரித்துக் காட்டுகிறது.

சுருக்குதல் ஏன் தவிர்க்க முடியாதது என்பதை ஒரு கணக்கு விளக்கும். கிடையாக 1,920, நிலைக்குத்தாக 1,080 புள்ளிகள் கொண்ட திரையில் மொத்தம் 2,073,600 புள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு புள்ளியின் நிறத்துக்கும் 24 பிட் தேவை. செக்கனுக்கு 60 படம் என்றால் ஏறத்தாழ 2,986 மில்லியன் பிட் ஒவ்வொரு செக்கனும் கடக்க வேண்டும். பழைய ரப்களில் உள்ள யூஎஸ்பி 2.0 வடத்தின் உச்ச வேகமே செக்கனுக்கு 480 மில்லியன் பிட்தான். ஆகவே மென்பொருள், முந்திய படத்திலிருந்து மாறிய பகுதிகளையே பெரும்பாலும் அனுப்புகிறது. இதனால்தான் எழுத்தும் அட்டவணையும் அசையாத வரைபடமும் பலகையில் தெளிவாக நிற்க, காணொளி தடுமாறுகிறது. எழுதுகோலை இழுத்த பின் கோடு சற்றுப் பிந்தி வருவதும் இச்சுருக்குதல், கடத்தல், விரித்தல் ஆகியவற்றுக்குச் செலவாகும் நேரமே. வடத்தால் இணைத்தால் அது குறையும்.

ஜெயபுரம் போன்ற ஊர்களுக்கு முதன்மையான செய்தி வேறொன்று. இவ்விணைப்புக்குப் பொதுவாக இணையம் வேண்டியதில்லை. கணினியும் பலகையும் ஒரே உள்ளக வலையமைப்பில் இருந்தால் போதும். டேட்டாவை நிறுத்திவிட்டுக் கைப்பேசியின் ஹொட்ஸ்பொட்டை மட்டும் இயக்கினாலும், ஒரு யூஎஸ்பி வடத்தைச் செருகினாலும் வேலை நடக்கும். மென்பொருளை ஒருமுறை தரவிறக்கிக்கொண்ட பின் ஒரு ரூபா டேட்டாகூடச் செலவாகாது. 2022 மார்ச் இறுதியில் நாடு 13 மணிநேர மின்வெட்டைச் சந்தித்ததை மறந்துவிட முடியாது. மடிக்கணினியும் ரப்பும் தம்முள்ளேயே மின்கலத்தை வைத்திருப்பதால், மின்சாரத்தில் மட்டும் இயங்கும் தனித்திரையைப் போல மின் போன நொடியில் அணைந்துவிடாமல் பாடத்தை முடிக்கவாவது துணைநிற்கும்.

ஒருவருக்குப் பல கருவி

பலகையைப் பலர் பகிர்ந்துகொள்ளும் எண்ணத்துக்குச் சந்தையின் போக்கு நேர்மாறாகச் சென்றது. 2010 இல் ஐபேட் வெளிவந்த அதே ஆண்டிலேயே அதை இரண்டாவது திரையாக்கும் ‘எயார் டிஸ்பிளே’ என்ற செயலி வந்துவிட்டது. அப்பிள் நிறுவனத்தில் பணியாற்றிய ராகுல் திவான் 2014 இறுதியில் வெளியிட்ட ‘டுயட் டிஸ்பிளே’ அதையே வடத்தின் வழியாகத் தாமதம் குறைத்துச் செய்தது. அப்பிள் 2019 ஒக்ரோபரில் ‘சைட்கார்’ என்ற பெயரில் இவ்வசதியைத் தன் இயங்குதளத்திலேயே சேர்த்தது. 2022 மார்ச்சில் வந்த ‘யுனிவர்சல் கொன்ட்ரோல்’ திரையைப் பகிராமல் விசைப்பலகையையும் சுட்டியையும் பகிர்கிறது: சுட்டியின் அம்புக்குறி மடிக்கணினித் திரையின் ஓரத்தைத் தாண்டி அருகிலுள்ள ஐபேட்டுக்குள் நுழைய, அதே விசைப்பலகையால் அங்கேயும் எழுதலாம். சாம்சுங் தன் உயர்விலை ரப்களில் விண்டோஸ் கணினிக்கான இரண்டாம் திரை வசதியைச் சேர்த்தது. லெனோவோ 2021 இல் வெளியிட்ட யோகா ரப் 13, எச்டிஎம்ஐ வடத்தை நேராகவே ஏற்றுக்கொள்கிறது.

இவை செப்பமான படைப்புகள். ஆயினும் சைட்கார், யுனிவர்சல் கொன்ட்ரோல் ஆகிய இரண்டும் கணினியும் ஐபேட்டும் ஒரே அப்பிள் கணக்கில், ஒரே ஆளின் பெயரில் இருக்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்கின்றன. சைட்கார் இணைப்பில் விரலால் திரையை உருட்டலாமே தவிர, கணினியின் பொத்தானை அழுத்துவதற்குத் தனியாக விலைகொடுத்து வாங்க வேண்டிய எழுதுகோல் தேவை. ஒரு மனிதருக்குப் பல கருவிகள் இருக்கும் என்ற எடுகோளின் மேல் எழுப்பப்பட்ட அமைப்பு இது. பல மனிதருக்கு ஒரு கருவி என்ற நிலை அவ்வடிவமைப்பில் இடம்பெறவே இல்லை.

கர்நாடகம் கற்றுத்தந்தது

அந்நிலையை நேராக எதிர்கொண்ட ஆய்வு தென்னிந்தியாவிலிருந்து வந்தது. மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் இந்திய ஆய்வகம் 2005 இல் கர்நாடகத்தின் பெங்களூரில் தொடங்கப்பட்டது. அங்கே பணியாற்றிய உதய் சிங் பவார், ஜொயோஜீத் பால், கென்டரோ தொயாமா ஆகியோர் கிராமப் பாடசாலைகளில் ஒரு காட்சியை மீண்டும் மீண்டும் கண்டனர்: ஒரு கணினியைச் சுற்றிப் பத்துப் பிள்ளைகள்வரை நெருங்கி நிற்பர்; சுட்டி ஒரு பிள்ளையின் கையில் இருக்கும்; மற்றவர்கள் கழுத்தை நீட்டிப் பார்ப்பர். வன்னியின் கணினி அறைகளை அறிந்த எவருக்கும் இது அயற்காட்சியன்று. கூச்சமுள்ள பிள்ளையும் பின்வரிசைப் பிள்ளையும் ஒரு தவணை முழுவதும் கணினிப் பாடத்தில் இருந்தும் சுட்டியைத் தொடாமலே போகக்கூடும் என்பதுதான் இக்காட்சியின் கொடுமை.

அவர்கள் கண்ட தீர்வு எளியது: ஒரே கணினியில் ஐந்து சுட்டிகளைச் செருகி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நிறத்தில் ஓர் அம்புக்குறியைத் தருவது. இதற்கெனத் தனி மென்பொருள் வேண்டியிருந்தது. ஏனெனில் விண்டோஸ் கணினியில் எத்தனை சுட்டிகளைச் செருகினாலும் அவை அனைத்தும் ஒரே அம்பைத்தான் இழுக்கும். 2006 இல் ஆய்வுரையாக வெளிவந்த இம்முயற்சி பின்னர் ‘மல்டிபொயின்ட்’ என்ற பெயரில் பிற நிரலாளர்களும் பயன்படுத்தத்தக்க கருவித்தொகுதியாக வெளியிடப்பட்டது. சொற்களை மனத்திலிருத்தும் பயிற்சி போன்ற சில வேலைகளில், ஒரு கணினியைத் தனியாகப் பெற்ற பிள்ளை கற்ற அளவுக்குக் குறையாமல், பலர் பகிர்ந்த கணினியிலும் பிள்ளைகள் கற்றனர் என்பது அவ்வாய்வின் முடிவு. முதலில் அழுத்துபவருக்கே வெற்றி என்று பயிற்சி அமைந்தபோது பிள்ளைகள் யோசிக்காமல் அழுத்தத் தலைப்பட்டனர். எல்லோரும் ஒரே விடையைத் தெரிவு செய்தால்தான் அடுத்த வினா வரும் என்று மாற்றியபோது தமக்குள் பேசித் தெளியத் தொடங்கினர். பகிர்வின் பயன், கருவியின் எண்ணிக்கையைவிட, பகிரும் விதியில்தான் அதிகம் தங்கியிருந்தது.

இவ்வரலாற்றின் மறுபக்கத்தையும் தொயாமாவே எழுதியிருக்கிறார். 2015 இல் வெளியான ‘கீக் ஹெரசி’ என்ற தம் நூலில், ஆய்வுக்கு வெளியே சாதாரணப் பாடசாலைகளில் இத்தகைய முயற்சிகள் தடுமாறியதைச் சொல்லி, தொழினுட்பம் ஏற்கெனவே உள்ள மனித ஆற்றலைப் பெருக்குமேயன்றி இல்லாததைப் படைக்காது என்ற முடிவுக்கு அவர் வருகிறார். ஆசிரியருக்கு ஆர்வமும் நேரமும் அதிபரின் ஆதரவும் இல்லாத இடத்தில் ஐந்து சுட்டிகளும் ஐந்து வயர்களே என்பதை மறுப்பதற்கில்லை. ஆர்வமுள்ள ஆசிரியரின் கையில் ஒரு கணினி ஐந்து பிள்ளைகளுக்குச் சென்று சேரும் என்பதும் அதே ஆய்வு காட்டிய உண்மை.

வகுப்பறையில்

ஐந்து சுட்டிகளின் இடத்தில் இன்று ஒரு ரப்பை வைத்துப் பார்க்கலாம். கணினி ஆசிரியரின் மேசையில், பெரிய திரையோடோ எறிகருவியோடோ இணைந்திருக்கிறது. ரப் மாணவர்களின் மேசையில் கைமாறுகிறது. ‘ஸ்பேஸ்டெஸ்க்’ என்ற ஜேர்மன் மென்பொருள் விண்டோஸ் கணினியின் திரையைப் பழைய அண்ட்ரொய்ட் ரப்பிலும் காட்டுவதோடு, ரப்பில் விழும் தொடுகையையும் எழுதுகோலின் அழுத்தத்தையும் கணினிக்குத் திருப்பி அனுப்புகிறது. தனிப்பட்ட பயன்பாட்டுக்கு அது கட்டணமில்லாதது. லினக்ஸ் இயங்கும் கணினிகளுக்கு ‘வேலஸ்’ என்ற திறந்த மூல மென்பொருள் உண்டு. ரப்பில் எதையும் நிறுவ வேண்டியதில்லை, அதன் இணைய உலாவியில் முகவரியைத் திறந்தால் போதும். வரைபடத்தாளில் நேர்கோட்டை வரைய வேண்டிய மாணவி கதிரையை விட்டு எழுந்து, எல்லோர் கண்ணும் தன்மீதிருக்க முன்னால் நடந்து வர வேண்டியதில்லை. இருந்த இடத்திலேயே ரப்பில் இரு புள்ளிகளையிட்டுக் கோட்டை இழுத்தால் அது முன்திரையில் தெரியும். தவறினால் அழிக்கலாம். கரும்பலகைக்கு வர அஞ்சும் பிள்ளைக்கு இது சிறிய உதவி இல்லை.

எதிர்த்திசை இணைப்பும் பயன்தரும். ‘ஸ்கிரீன் கொப்பி’ என்று வாசிக்கப்படும், 2018 இல் வெளியான திறந்த மூல மென்பொருள், அண்ட்ரொய்ட் ரப்பின் திரையை யூஎஸ்பி வடம் வழியாகக் கணினிக்குள் கொண்டுவருகிறது. அதன் மூலம் கணினியின் விசைப்பலகையால் ரப்பில் எழுதவும் முடியும். ஆசிரியர் ரப்பில் படிமுறையாக எழுதும் சமன்பாடு, கணினியின் வழியாக எறிகருவியில் விரிகிறது. சுட்டியைப் பிடித்து ஒரு வர்க்கமூலக் குறியை வரைய முயன்ற எவருக்கும் எழுதுகோலின் அருமை புரியும்.

ஒரு நடைமுறைத் தடையையும் சொல்ல வேண்டும். தாளில் எழுதும்போது உள்ளங்கையைத் தாளின் மேல் ஊன்றி எழுதுவதே எல்லோருக்கும் பழக்கம். விலையுயர்ந்த ரப்கள் எழுதுகோலையும் உள்ளங்கையையும் வேறுபடுத்தி அறிகின்றன. மலிவான ரப்போ உள்ளங்கையையும் விரலாகவே எண்ணி, எழுதும் வரிக்குக் கீழே தேவையற்ற கோடுகளை இழுத்துவிடும். உள்ளங்கைக்கும் கண்ணாடிக்கும் இடையில் தடித்த துணியொன்றை மடித்து வைத்தால் இத்தொல்லை பெருமளவு குறைகிறது. கரும்பலகையில் கையை ஊன்றாமல் எழுதிப் பழகிய ஆசிரியர்களுக்கு இது மாணவர்களைவிட எளிதாகக் கைவரும்.

இரு மாணவர் ஒரே நேரத்தில் இரு அம்புகளை நகர்த்த வேண்டுமானால் பொதுவான விண்டோஸ் மேசைப்பரப்பு இன்னும் இடந்தருவதில்லை. லினக்ஸ் கணினிகளின் எக்ஸ் சாளர அமைப்பில், பீற்றர் ஹட்டரரின் ஆய்விலிருந்து பிறந்த பல்லம்பு வசதி 2009 முதலே உண்டு. எனினும் அதைப் புரிந்து நடக்கும் செயலிகள் மிகச் சில. பெங்களூரில் எழுப்பப்பட்ட கேள்வி இயங்குதளங்களின் அளவில் இன்னும் தீர்க்கப்படாமலே கிடக்கிறது. கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியல் பீடத்தையும், 2021 ஓகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியாவில் கணினி கற்கும் மாணவரையும் கொண்டிருக்கும் வன்னிக்கு, இது தன் வாசலிலேயே கிடக்கும் ஆய்வுப்பொருள்.

கடை மேசையின் மறுபுறம்

வகுப்பறைக்கு வெளியே இவ்விணைப்பு உடனடியாகப் பயன்தரக்கூடிய இடம், ஊர்ச் சந்திகளில் போட்டோப் பிரதியும் தொலைபேசி மீள்நிரப்பலும் இணைய விண்ணப்பமும் ஒருங்கே நடக்கும் கொமினிக்கேசன் கடை. விண்ணப்பதாரர் மேசையின் ஒருபுறம் நிற்கிறார். கணினித் திரை மறுபுறம், கடைக்காரரை நோக்கியிருக்கிறது. தமிழ்ப் பெயர் ஆங்கில எழுத்துக்கு மாறும்போது ஓர் எழுத்துக் கூடலாம், குறையலாம். 2016 முதல் வழங்கப்படும் தேசிய அடையாள அட்டையின் இலக்கம் 12 இலக்கங்களைக் கொண்டது. அவற்றுள் ஒன்று பிசகினாலும் விண்ணப்பம் திரும்பி வரும். அத்தவறைத் திருத்த மீண்டும் பேருந்து ஏறுபவர் விண்ணப்பதாரரே. வயல் வேலை நாளொன்றும் அவருக்கே போகிறது.

பழைய ரப்பொன்றைப் பிரதித்திரையாக்கி விண்ணப்பதாரரை நோக்கி நிறுத்திவிட்டால், தட்டச்சாகும் ஒவ்வோர் எழுத்தையும் அவர் அப்போதே பார்க்கிறார். ‘டெஸ்க்ரீன்’ போன்ற திறந்த மூல மென்பொருள், கணினியின் முழுத்திரையை அன்றி ஒரு சாளரத்தை மட்டும் ரப்பின் உலாவியில் காட்ட வல்லது. அதன் வழியாக ரப்பிலிருந்து கணினியை இயக்க முடியாது என்பதால், கடை மேசைக்கு அதுவே பாதுகாப்பானதும்கூட. முந்திய வாடிக்கையாளரின் அடையாள அட்டைப் பிரதி அடுத்தவர் கண்ணில் படாதிருக்க, முழுத்திரையைப் பகிராமல் விண்ணப்பச் சாளரத்தை மட்டும் பகிர்வதைக் கடைக்காரர்கள் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். கண் பார்வை மங்கிய முதியவருக்காக ரப்பில் எழுத்தை விரித்துப் பெரிதாக்கியும் காட்டலாம். தன்னைப் பற்றி எழுதப்படுவதைத் தான் பார்க்கும் உரிமை ஒருவருக்கு உண்டு என்பதை எந்தச் சுற்றறிக்கையும் இல்லாமல் நிலைநாட்டும் ஏற்பாடு இது.

பாமினியின் கதை

தமிழோடு தொடர்புடைய ஒரு சிக்கல் இங்கே தனியாக நோக்கத்தக்கது. இலங்கையின் தமிழ் விசைப்பலகைத் தரமான எஸ்.எல்.எஸ். 1326, ரெங்கநாதன் தட்டச்சு அமைப்பை அடிப்படையாகக் கொண்டது. யூனிகோட் எழுத்துமுறையோ நெடுங்காலமாகவே நடைமுறையில் உள்ளது. ஆயினும் பாடசாலை வினாத்தாள், கோயில் அறிவித்தல், மரண அறிவித்தல் என இன்றும் ஏராளமான தட்டச்சு பாமினி எழுத்துருவில் நடக்கிறது. பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த பழைய முறை. கணினி தன் நினைவில் வைத்திருப்பது ஆங்கில எழுத்தையே, கண்ணுக்குத் தெரிவது மட்டும் தமிழ்.

கணினியிலிருந்து பாமினி உரையொன்றைப் பகிர்ந்த நறுக்குப்பலகை (கிளிப்போர்ட்) வழியாக ரப்புக்கு ஒட்டிப் பார்த்தால் இது வெளிப்படும். ரப்பில் அவ்வெழுத்துரு இல்லாததால், ‘தமிழ்’ என்ற மூன்றெழுத்துச் சொல் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் கடைசியில் ஓர் அரைப்புள்ளியுமாகக் கலைந்து நிற்கும். அதே ரப்பை இரண்டாவது திரையாக இணைத்தால் பாமினி உரை பிசகின்றித் தெரியும்; ஏனெனில் அப்போது கடந்து செல்வது எழுத்தன்று, எழுத்தின் படம். திரையைப் பகிர்தலுக்கும் எழுத்தைப் பகிர்தலுக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக விளக்கும் எடுத்துக்காட்டு தமிழில் இல்லை. விசைப்பலகையைப் பகிரும்போதும் இதை ஒத்த இடர் உண்டு: பல மென்பொருள்கள் அனுப்புவது எந்த விசை அழுத்தப்பட்டது என்ற செய்தியையே; அதை எழுத்தாக்குவது பெறுகின்ற கருவி. கணினியில் ரெங்கநாதனும் ரப்பில் தமிழ்99 அமைப்புமாக இருந்தால் ஒரே விசை இரு கருவிகளில் இரு எழுத்தைத் தரும். இரு கருவிகளிலும் ஒரே தமிழ் விசைப்பலகை அமைப்பை நிறுவுவதும், புதிய ஆவணங்களை யூனிகோட்டில் எழுதுவதும் இணைப்புக்கு முன்பே செய்து முடிக்க வேண்டிய வேலைகள். வினாத்தாள் தட்டச்சு செய்யும் ஆசிரியர்கள் இவ்வாண்டிலாவது பாமினியை விட்டு யூனிகோட்டுக்கு மாறுவது, ரப் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மாணவருக்குச் செய்யும் நன்மை.

இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சூரிச்சிலும் இருந்து ஊர்ப் பாடசாலைக்குக் கருவி அனுப்பும் பழைய மாணவர்களுக்கும் உறவினர்களுக்கும், இணைப்புக்கு முன்பே செய்ய வேண்டியவை குறித்து ஒரு வேண்டுகோள் உண்டு. பயன்படுத்திய ரப்பை அனுப்புமுன் அதிலுள்ள அப்பிள் அல்லது கூகிள் கணக்கிலிருந்து வெளியேறி, கருவியைத் தொடக்க நிலைக்கு மீட்டமைத்து அனுப்புங்கள். கணக்கோடு பூட்டப்பட்ட ரப் ஜெயபுரத்தை வந்தடைந்தால், முந்திய உரிமையாளரின் கடவுச்சொல் இல்லாமல் அதைத் திறக்க முடியாது. மின்னேற்றியோடு, தரவையும் கடத்தும் யூஎஸ்பி வடமொன்றையும் சேர்த்து அனுப்புங்கள். மலிவான வடங்களில் பல மின்னேற்றுவதற்கு மட்டுமே உதவும். அவற்றால் கணினியையும் ரப்பையும் இணைக்க முடியாது.